பதினோராவது மாணவி

2024 மே மாதம், மூன்றாம் ஆண்டுக் கொரிய மொழி வகுப்புக்குப் பதிவு செய்திருந்தவர்கள் பதினொரு பேர். வகுப்பு நடக்க வேண்டுமானால் பன்னிரண்டு பேர் தேவை. பட்டியலில் கடைசிப் பெயர் டார்லா நைகார்ட். வயது நாற்பத்து மூன்று. மற்ற பத்துப் பேரில் ஒருவருக்கும் வயது இருபத்திரண்டைத் தாண்டவில்லை.

அமெரிக்காவில் டகோமா நகருக்குத் தெற்கே பைன் ஹாலோ என்ற முதியோர் இல்லத்தில் டார்லாவுக்குப் பத்தொன்பது வருடமாக வேலை. மதியம் இரண்டு மணிக்கு உள்ளே போனால் இரவு பத்துக்குத்தான் வெளியே வர முடியும். மறுநாள் காலை எட்டரைக்கு வகுப்பு. தூக்கம், துணி துவைப்பது, வீட்டுப்பாடம் எல்லாம் இரண்டுக்கும் நடுவில் எங்காவது நுழைந்துகொள்ள வேண்டும். சிவப்பு விளக்கில் நிற்கும்போது படிக்க, கார் ஸ்டீயரிங்கில் ரப்பர் பேண்ட் போட்டுச் சொல் அட்டைகளைக் கட்டி வைத்திருந்தாள். பச்சை விழுந்தும் நகராமல் பின்னால் வருகிறவர்களிடம் திட்டு வாங்கியது எத்தனை தடவை என்று அவளுக்கே கணக்குத் தெரியாது.

பைன் ஹாலோவில் இருக்கும் நாற்பது பேரில் ஏழு பேர் கொரியாவில் பிறந்த பெண்கள். டகோமா ராணுவ ஊர். கொரியாவுக்குப் போன சிப்பாய்கள் கல்யாணம் செய்து கூட்டி வந்தவர்கள் இவர்கள். அறுபது வருடம் இங்கே ஆங்கிலத்தில் கடைக்குப் போனார்கள், வேலை பார்த்தார்கள், பிள்ளைகளைத் திட்டினார்கள். எண்பது தாண்டி ஞாபகம் தளர்ந்ததும் முதலில் உதிர்ந்தது ஆங்கிலம். கடைசியாக வந்தது முதலில் போய்விட்டது. கணவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குக் கொரியன் தெரியாது. சாப்பாட்டு மேசையில் ஏழு பேரும் தங்களுக்குள் பேசிச் சிரிப்பார்கள். தட்டை வைத்துவிட்டு டார்லா விழித்துக்கொண்டு நிற்பாள்.

நாற்பத்தோராவது வயதில் அவள் போய்ப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். எந்தப் பாடம் எடுக்கலாம் என்று ஆலோசனை சொல்வதற்கென்றே அங்கே ஓர் அதிகாரி உண்டு. அவர் படிவத்தைப் பார்த்துவிட்டு, "நர்சிங் எடுத்தா உங்களுக்கு உபயோகமா இருக்குமே?" என்றார்.

"பதினேழு வருஷமா அவங்களைக் குளிப்பாட்டறேன், ஊட்டி விடறேன், தூக்கிப் படுக்க வைக்கறேன். அதெல்லாம் எனக்கு வரும். அவங்க என்ன சொல்றாங்கன்னுதான் தெரியல. கொரியன்னே போடுங்க."

அந்த வருடம் நன்றி நவிலல் விருந்தில் அவள் அண்ணன் கர்ட், வான்கோழியை அறுத்துக்கொண்டே ஆரம்பித்தான்.

"கொரியா பாஷையாமே? அங்க மாப்பிள்ளை கீப்பிள்ளை பாத்து வச்சிருக்கியா?"

"நீ வாரா வாரம் மீன் பிடிக்கப் போறியே, இதுவரைக்கும் எத்தனை மீன் வீடு வந்து சேந்திருக்கு?"

"அது வேற."

"இதுவும் வேறதான். கால் பக்கத்தை எனக்கு வை."

கூட வேலை பார்க்கும் லெசினா சமோவாத் தீவுக் குடும்பத்துப் பெண். அவள் கிண்டல் இன்னும் நேரடியாக இருக்கும். "எங்க பாட்டிங்க நாலு பேர் இங்கதான் இருக்காங்க. சமோவா பாஷையை நான் சும்மாவே சொல்லித் தரேன், பரீட்சைகூடக் கிடையாது. உனக்கு என்னமோ கொரியா மேல அப்படி ஒரு பாசம்!" என்பாள். அப்படிச் சொல்லிவிட்டு, பரீட்சை நாளில் டார்லாவின் மாலை வேலையையும் சேர்த்து அவளே பார்ப்பாள்.

அந்த ஏழு பேரில் மூத்தவர் குவாக் புன்-ரே. வயது எண்பத்தெட்டு. சார்ஜன்ட் ரட்லெட்ஜ் அவரை 1961இல் கூட்டி வந்தார். புன்-ரே என்று வாயில் நுழையாமல் போனி என்று வைத்தார். ஊருக்கும் அதுவே பெயரானது. போனி ரட்லெட்ஜ் முப்பது வருடம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நின்றே வேலை பார்த்தவர். ஞாயிறு தவறாமல் மகன் டேல் டோனட் பெட்டியோடு வருவான். அம்மா கொரியனில் பேசுவார், மகன் ஆங்கிலத்தில் தலையாட்டுவான், பெட்டி காலியாகும்.

2024 பிப்ரவரியில் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் புதிதாக வந்திருந்த மேலாளர் ஓர் ஏற்பாடு கொண்டு வந்திருந்தார். விழக்கூடியவர்களின் பெயரைக் கதவில் சிவப்பில் எழுத வேண்டும், பார்த்ததும் ஊழியர்கள் கவனமாக இருப்பார்கள் என்று. நல்ல எண்ணம்தான். போனியின் கதவிலும் பெயர் சிவப்பில் ஏறியது.

மறுநாள் காலை அது கிழிந்து தரையில் கிடந்தது. மறுபடி ஒட்டினார்கள். மறுபடி கிழித்தார். மூன்றாவது தடவை ஒட்ட வந்த பெண்ணின் மேல் தேநீர்க் கோப்பை பறந்தது. கோப்பில் "முரட்டுத்தனம்" என்று எழுதப்பட்டது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார்.

லெசினா தன் போனை எடுத்துக் கிழவியின் வாய்ப் பக்கம் நீட்டினாள். போன் கேட்டுக்கொண்டு, தெளிவான பெண் குரலில் மொழிபெயர்த்தது. "நான் இன்னும் சாகலை. என்னைச் சாகடிச்சது யாரு?"

"யாரும் உங்களைச் சாகடிக்கல, போனி கண்ணு. சூப் ஆறுது, வாங்க" என்றாள் லெசினா.

டார்லா பக்கத்திலேயே நின்றாள், கூட இன்னும் மூன்று ஊழியர்கள். அவளுக்குப் போன் தேவைப்படவில்லை. கிழவி சொன்ன ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. ஒன்றரை வருடப் படிப்புக்குப் பலன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட வந்தது. புத்தி பேதலித்துப் பேசுகிறார் என்றுதான் அவளும் நினைத்தாள்.

பிறகு அவளுக்கு ஒரு யோசனை உதித்தது. போனி என்பது அந்தம்மாவின் பெயரே இல்லையே, அதனால்தான் கிழிக்கிறார் போலிருக்கிறது! இரவு வேலை முடிந்ததும் உட்கார்ந்து, புதிய அட்டையில், கொரிய எழுத்தில், குவாக் புன்-ரே என்று முழுப்பெயரையும் எழுதினாள். முன்பு இருந்ததைவிட இரண்டு பங்கு பெரிதாக. கோடு போட்டு, அளவு பார்த்து, வகுப்பில் கற்ற வரிசைப்படி ஒவ்வொரு கீற்றாக. விதிப்படி சிவப்பில்.

காலையில் அதைப் பார்த்த கிழவி கிழிக்கவில்லை. கத்தவும் இல்லை. உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அன்றும் மறுநாளும் ஒரு வாய் சாப்பிடவில்லை. மாதக் கடைசிக்குள் பூட்டு போட்ட பிரிவு இருக்கும் வேறு இல்லமாகப் பார்த்துக்கொள்ளும்படி மேலாளர் டேலுக்குச் சொல்லி அனுப்பினார்.

அதற்கடுத்த நாள் வியாழக்கிழமை, வகுப்பு இருந்தது. கொரியன் சொல்லித் தந்தவர் பியோ குவாங்-சுக். ஐம்பத்தாறு வயது. வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் பதினான்கு வருடமாக இருப்பவர். கூடப் படிக்கும் ட்ரெவருக்கு அன்று பிறந்தநாள். வாழ்த்து அட்டை கை மாறி கை மாறி டார்லாவிடம் வந்தது. மேலே அவன் பெயரை எழுத இடம் விட்டிருந்தார்கள். கொரிய எழுத்து அழகாக வருவது டார்லாவுக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் சட்டைப் பையில் கை விட்டாள். வேலையிடத்துச் சிவப்பு மார்க்கர் வந்தது. எழுத ஆரம்பித்தாள்.

பியோ டீச்சர் பலகையை விட்டு வந்து, அட்டையின் மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடினார்.

"யாரு செத்தா?"

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"செத்தவங்க பேரைத்தான் சிவப்புல எழுதுவாங்க. அந்தக் காலத்துல குடும்பப் பதிவேட்டுல அப்படித்தான்னு எங்க வீட்டுல சொல்லுவாங்க. உயிரோட இருக்கறவன் பேரை அப்படி எழுதினா, போய்த் தொலைன்னு சொல்ற மாதிரி. படிச்சவ, பல்கலைக்கழகத்துல வேலை பாக்கறவ நான். இருந்தும் இதைப் பாத்தா கையை வச்சு மூடத்தான் தோணுது. நான் பேப்பர் திருத்தற பேனா என்ன நிறம், இத்தனை நாளா பாக்கறீங்களே?"

பச்சை. எல்லோருக்கும் தெரியும். ஏன் பச்சை என்று ஒருவரும் கேட்டதில்லை.

டார்லா எழுந்தாள். பையை எடுக்கவில்லை, கோட்டை எடுக்கவில்லை. "நான் போகணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடினாள்.

பைன் ஹாலோவில் அந்த நேரத்தில் அவளுக்கு வேலை இல்லை. சீருடையும் இல்லை. நேரே போய் அட்டையைப் பிய்த்தெடுத்தாள், நான்காக மடித்துப் பாக்கெட்டில் திணித்தாள். வரவேற்பு மேசையிலிருந்து நீலப் பேனாவை எடுத்து, கிடைத்த காகிதத்தில் அதே பெயரை எழுதி ஒட்டினாள். பக்கத்தில் ஒரு மஞ்சள் வட்டத்தை ஒட்டினாள். விழக்கூடியவர் என்று சொல்ல அது போதும்.

கிழவியைச் சக்கர நாற்காலியில் வைத்து வாசலுக்குக் கொண்டு வந்தாள். அவர் கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"யாரு எழுதினது?"

"நான்தாம்மா."

"இதுக்கு முன்னால எழுதினது?"

வேறு யார் தலையிலாவது போட்டுவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது!

"அதுவும் நான்தாம்மா. எனக்குத் தெரியல."

கிழவி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மறுபடி கதவைப் பார்த்தார்.

"எழுத்து சின்னப் பிள்ளைக் கிறுக்கல் மாதிரி இருக்கு. சோறு கொண்டா. அந்தச் சூப்பை நீங்களே குடிங்க."

ஞாயிற்றுக்கிழமை டேல் வந்தான். விஷயத்தைக் கேட்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "அம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னாங்க, டேல். உங்கிட்டயும் சொன்னாங்க, எங்கிட்டயும் சொன்னாங்க. போன்கூடத் தப்பில்லாமச் சொல்லிச்சு."

போனியை வேறு இல்லத்துக்கு மாற்றுகிற பேச்சு அதோடு நின்றது. மடித்து வைத்த சிவப்பு அட்டையைப் பற்றி டார்லா கிழவியையும் லெசினாவையும் தவிர யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும்படியான காரியமாகவும் அது இல்லை.

ஏப்ரலில் பல்கலைக்கழகத்தின் கடிதம் வந்தது. பன்னிரண்டுக்குக் குறைந்த வகுப்புகள் இலையுதிர் காலம் முதல் நிறுத்தப்படும். ஆட்சேபம் இருந்தால் மே 21 அன்று கமிட்டி முன் பேசலாம், ஆளுக்கு இரண்டு நிமிடம். மூன்றாம் ஆண்டு இல்லையென்றால் பட்டம் இல்லை. முதல் இரண்டு வருடம் சுற்றுலாப் பயணிகளுக்கான பேச்சுப் பயிற்சியாகச் சுருங்கும். அதுவும் எத்தனை நாளைக்கோ!

பியோ டீச்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "நீங்க பேசினா நல்லா இருக்கும். ஆனா கட்டாயம் இல்ல. எதைச் சொல்லணும்னும் நான் சொல்ல மாட்டேன்."

"என்ன சொன்னா காது குடுப்பாங்க?"

"பதினாலு வருஷமா நானும் அதைத்தான் தேடறேன்."

மே 21 அன்று கூட்ட அறையில் நாற்காலி போதவில்லை. பத்து மாணவர்களும் வந்திருந்தார்கள். பின் சுவரில் சாய்ந்து லெசினா நின்றாள், வேலைக்குக் கிளம்பிய சீருடையோடு. கமிட்டியில் நான்கு பேர். நடுவில் துணை டீன் பிராட் விங்கர்ட். குரலை உயர்த்தாத மனிதர். எதிரில் இருப்பவரைக் காயப்படுத்தாமல் வேலையை முடிக்கத் தெரிந்தவர்.

"கொரியப் பண்பாட்டு மேல எங்களுக்கு ரொம்ப மரியாதை. ஆனா நிலைமையையும் பாருங்க. பாட்டு கேட்டு, நாடகம் பாத்து நிறையப் பேர் வராங்க, மூணாவது வருஷத்துக்குள்ள காணாமப் போயிடறாங்க. மொழிபெயர்க்கணும்னா இப்ப எல்லார் பாக்கெட்லயும் போன் இருக்கு. இந்தப் படிப்பால என்ன பிரயோஜனம்னு நீங்கதான் எங்களுக்குச் சொல்லணும்."

முதலில் ப்ரியன்னா பேசினாள், இருபது வயதுப் பெண். பாட்டுக்காகத்தான் சேர்ந்தேன் என்று உண்மையைச் சொன்னாள். இப்போது போர்க்காலத்துக் கடிதங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்றாள். அதோடு உட்கார்ந்துவிட்டாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள், குழந்தை நடனமாடி முடித்ததைப் பார்ப்பதுபோல், அன்பாகப் புன்னகைத்தார்கள்.

அந்தப் புன்னகைதான் டார்லாவைக் கிளப்பிவிட்டது. எழுதி வந்திருந்த காகிதத்தை நாற்காலியிலேயே விட்டுவிட்டு முன்னால் போனாள். பாக்கெட்டிலிருந்து நான்காக மடித்த அட்டையை எடுத்து, பிரித்து, விங்கர்ட்டின் முன்னால் வைத்தாள்.

"இது நான் எழுதினது. எழுத்துல ஒரு பிழை கிடையாது. எங்க டீச்சர் பாத்தா முழு மார்க் போடுவாங்க. இதைப் பாத்து எண்பத்தெட்டு வயசு அம்மா ஒருத்தங்க ரெண்டு நாள் சாப்பிடல."

நடந்ததைச் சொன்னாள். பெயர் சொல்லவில்லை, இல்லத்தையும் சொல்லவில்லை. தான் செய்ததை மட்டும் ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லும்போது காது சிவந்தது, ஆனால் குரல் இறங்கவில்லை.

"போன் தப்பே பண்ணல சார். அந்தம்மா சொன்னதை அப்படியே சொல்லிச்சு. 'நான் இன்னும் சாகலை.' அறையில அஞ்சு பேர் இருந்தோம், அஞ்சு பேருக்கும் கேட்டுது. ஒருத்தருக்கும் விளங்கல."

விங்கர்ட் அட்டையைப் பார்த்தார். உண்மையாகவே நெகிழ்ந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். "இது மனசைத் தொடற அனுபவம். முதியோர் இல்ல ஊழியர்களுக்கு இந்த மாதிரி விஷயங்களைச் சொல்லித்தர ஒரு ஆறு வாரப் பயிற்சி வைக்கலாமே? அதுக்கு ஒரு பட்டப் படிப்பு தேவையா?"

"ஆறு வாரத்துல நான் இதை எழுதக் கத்துக்கிட்டேன்" என்று அட்டையைத் தட்டினாள் டார்லா. "எழுதக் கூடாதுன்னு தெரியறதுக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு. அதுவும் பாடத்துல வரல. ஒரு பிறந்தநாள் அட்டையில வந்தது. இன்னும் எனக்குத் தெரியாதது என்னென்ன இருக்குன்னு நீங்க ஒரு பட்டியல் குடுங்க, நானே ஆறு வாரத்துல முடிச்சுடறேன்."

பின்சுவரிலிருந்து லெசினா, "அப்படிக் கேளு!" என்றாள்.

நேரம் முடிந்த மணி அடித்தது. டார்லா நகரவில்லை.

"இன்னொண்ணு. நான் சொன்னதைக் கேட்டுட்டு, ஆஸ்பத்திரிக்கும் முதியோர் இல்லத்துக்கும் உபயோகப்படுது, அதனால இருக்கட்டும்னு நீங்க எழுதினா, அதையும் நான் ஒத்துக்க மாட்டேன். அந்தப் பொண்ணு பாட்டுக்காக வந்துச்சு. வரட்டுமே! மூணாம் வருஷம் பிரெஞ்சு வகுப்புல ஏழு பேர் இருக்காங்க. அது பட்டியல்லயே இல்ல. அவங்களைக் கூப்பிட்டு, என்ன பிரயோஜனம்னு யாராவது கேட்டீங்களா? கேக்க வேணாம், அவங்களும் படிக்கட்டும். ஆனா எங்களை மட்டும் எதுக்குக் கதவுல நிறுத்திச் சீட்டு கேக்கறீங்க?"

"மிஸ் நைகார்ட், உங்க நேரம்..."

"என் நேரம் எனக்குத் தெரியும் சார். ரெண்டு மணிக்கு வேலைக்குப் போகணும்."

அட்டையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

முடிவு மே 30 அன்று வந்தது. "உருக்கமான சாட்சியங்களுக்கு நன்றி" என்று ஒரு வரி. விதி விதிதான் என்று அடுத்த வரி. பதினொரு பேர் பன்னிரண்டு ஆகமாட்டார்கள். மூன்றாம் ஆண்டுக் கொரிய வகுப்பு ரத்து.

அன்று மாலை பைன் ஹாலோவில் டார்லா வழக்கம்போல் பராமரிப்புத் தாள்களை நிரப்பிக்கொண்டிருந்தாள். அரசாங்க விதிப்படி ஒவ்வொருவருக்கும் தனித் திட்டம் வேண்டும். ஏழு கொரியப் பெண்களுக்கு ஏழு திட்டம். ஏழிலும் அதே மேசை, அதே நேரம், அதே சோறு. எந்த அதிகாரியும் இதுவரை கேள்வி கேட்டதில்லை. நாலாவது தாளில் அவள் பேனா நின்றது.

மறுநாள் காலை பியோ டீச்சரின் அறைக்குப் போனாள். அவர் அலமாரியிலிருந்து புத்தகங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், தனிப் படிப்புன்னு ஒண்ணு இருக்கே. ஒரு மாணவர், ஒரு ஆசிரியர். அதுக்கு எத்தனை பேர் வேணும்?"

"தனிப் படிப்புக்கு எத்தனை பேர் வேணும்னா என்ன கேள்வி இது? ஒருத்தர்தான்."

"யார் கையெழுத்து போடணும்?"

"நானும் துறைத் தலைவரும்."

"அப்ப பதினொரு தனிப் படிப்பு போடலாமே? காலையில எட்டரைக்கு. ஒரே அறையில."

பியோ டீச்சர் கையிலிருந்த அகராதியைப் பெட்டிக்குள் வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"அதுக்குச் சம்பளம் கிடையாது, தெரியுமில்ல?"

"தெரியும். அதனாலதான் கேக்கவே தயக்கமா இருக்கு."

"தயங்கிக்கிட்டே கேட்டுட்டீங்க இல்ல? படிவத்தை எடுங்க." பெட்டியிலிருந்து புத்தகங்களை மறுபடி அலமாரிக்கு ஏற்ற ஆரம்பித்தார். "ஒரு வருஷத்துக்குத்தான். அடுத்த வருஷம் பன்னிரண்டாவது ஆளைக் கொண்டு வர வேண்டியது உங்க பொறுப்பு."

துறைத் தலைவர் ஜப்பானிய மொழி சொல்லித் தருபவர். பதினொரு படிவங்களிலும் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டார். "நான் எதையும் படிக்கல. பேனா அதுபாட்டுக்கு எழுதுது" என்றார். மூன்றாம் நாள் விங்கர்ட்டிடமிருந்து பியோ டீச்சருக்குப் போன் வந்தது. டார்லா அப்போது அறையில்தான் இருந்தாள்.

"ரத்து பண்ணின வகுப்பை நீங்க நடத்தப் போறதா கேள்விப்பட்டேன்."

"வகுப்பா? வகுப்பு எதுவும் இல்லையே. பதினொரு பேர் தனித்தனியா படிக்கப் போறாங்க."

"ஒரே நேரத்துல?"

"அவங்கவங்களுக்கு அந்த நேரம்தான் தோதுப்படுது."

"ஒரே அறையிலயா?"

"வேற அறை குடுத்தீங்கன்னா பிரிச்சு உக்கார வைக்கறேன். பதினொரு அறை வேணும்."

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது.

பதினொரு படிவங்களையும் டார்லாவே பூர்த்தி செய்திருந்தாள். பெயர்களை நீல மையில் எழுதியிருந்தாள். ஜூன் 7, வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றரை மணிக்குப் பதிவாளர் அலுவலக ஜன்னலில் அவற்றைக் கொடுத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் முத்திரை விழும் வரை நின்று பார்த்தாள். தனிப் படிப்புகள் பதினொன்றும் செப்டம்பர் 25, புதன்கிழமை, காலை எட்டரை மணிக்கு, அறை 214இல் தொடங்குகின்றன.